இரண்டாவது சாட்சி

அன்று ஹிரோஷிமாவில் இருந்ததற்கு
இரண்டு சாட்சிகள் வேண்டுமாம்
மருத்துவக் கையேடு தர.

ஹப்ச்சோனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த
க்வாக் போக்சுன்
அந்த இடத்தை மட்டும் நிரப்பவில்லை.
தெரிந்தவர்கள் எல்லாம்
அங்கேயே இருந்துவிட்டார்கள், என்கிறாள்.

எழுத்தர் பேனாவை மூடுகிறார்.

போன குளிர்காலம், குளிக்கும்போது
தோளிலிருந்து வெளியே வந்தது
ஒரு கண்ணாடிச் சில்லு.
ஐம்பத்திரண்டு வருடம் கழித்து.
அரிசியளவு.
எந்த வீட்டு ஜன்னலோ.

மகள் பிறந்ததும் முதலில்
விரல்களை எண்ணியது,
பேரனுக்கு மூக்கில் ரத்தம் வந்தால்
இன்றும் நாட்களை எண்ணுவது,
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை.

மாத்திரைப் புட்டியை
மேசைமேல் கவிழ்க்கிறாள்.

ஒன்று, என்கிறாள்.
இன்னொன்று
இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.
இன்னும் வரவில்லை.