கண்ணாடிக்குப் பிறகு

ஹோவிக் மேட்டில்
முந்நூற்றுப் பன்னிரண்டு ரைகிராஸ் குடும்பங்கள்.
ஒவ்வொன்றிடமும் நான்கு கேட்கிறோம்:
மளமளவென்று வளர்,
மாட்டு வயிற்றில் சீக்கிரம் கரை,
நின்று நிதானமாய்ப் பூ,
துருவை அண்டவிடாதே.

கேட்க என்ன.
வளர்கிற வேகத்தில் தண்டு விறைக்கிறது,
விறைத்த தண்டை மாடு
பொழுது சாயும்வரை அசைபோடுகிறது.
இரண்டுக்கும் உள்ள உறவு மைனஸ் புள்ளி நான்கு.
ஒன்றைத் தூக்கினால் மற்றது முனகும்.

நான்கையும் ஒரே எண்ணாக்க எடைகள் வேண்டும்.
செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டோம்.
விளைச்சலுக்கு ஐந்து, அதற்குக் கீழே பேச்சே இல்லை
என்றார் பால்பண்ணை ஃபான் டோண்டர்.
பூக்கவே யோசிக்கிற புல்லில்
விதைக்கு நான் எங்கே போக என்றாள் கம்பெனிப் பெண்.
தேநீர் ஆறுவதற்குள்
செரிமானம் மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது.
அறையில் மாடு எதுவும் இல்லை.

அக்டோபர். துரு வந்தது.
இலையைத் திருப்புவேன்,
விரலில் ஆரஞ்சுத் தூள்,
ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஓர் எண் சொல்வேன்,
சோண்டி எழுதிக்கொள்வார்.
எண்பத்தாறாம் வரிசையில் பேனா நின்றது.
"டாக்டர் படையாச்சி,
காலையில் இதற்கு மூன்று சொன்னீர்கள்.
இப்போது ஆறு."

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
காலையில் நான் ஒருத்தி,
மூன்று மணிக்கு வேறொருத்தி.
மரபுத் திறன் புள்ளி இரண்டு என்று
இத்தனை வருடம் புல்லின்மேல் எழுதிவந்தேன்.
மிச்ச எட்டில்
மூடுபனி உண்டு, மண் உண்டு,
எவனோ ஒருவனின் மாடு சாணி போட்ட இடம் உண்டு,
என் பழைய லென்ஸும் உண்டு.

சனிக்கிழமை மாரிட்ஸ்பர்க் போய்
கண்ணாடி மாற்றினேன்.
திங்கள் விடிந்ததும் எல்லா வரிசையும் மறுபடி,
மதியத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

கணினி புதுக் கணிப்பைத் துப்பியது:
ஒரு சுற்றுக்கு முன்னேற்றம்
ஒன்று புள்ளி ஒன்றிலிருந்து
ஒன்று புள்ளி நான்கு சதவீதம்.
வெளியே போய்ப் பார்த்தேன்.
புல் ஒரு மயிரிழை மாறியிருக்கவில்லை.
காற்றுக்குத் தலை சாய்த்து நின்றது,
நேற்றைய புல்,
நேற்றைய துருவோடு.

ஒரு சுற்று ஆறு வருடம்.
எனக்கு ஓய்வுக்கு நான்கு.
அறிக்கையில் புள்ளி நான்கைத் தடித்த எழுத்தில் போட்டேன்,
கூடவோ குறையவோ புள்ளி ஆறு என்பதைச்
சின்ன எழுத்தில்.

சோண்டி ரசீதை நீட்டினார்.
கண்ணாடிச் செலவை
எந்தக் கணக்கில் எழுத?

உபகரணம், என்றேன்.