திரும்பவும் தலையிலிருந்து

ஒத்திகை பதினொன்று. வெல்ட் கீ ஓரம்
மூட்டைகள் போன பிறகும்
மிளகு நெடி போகாத கிடங்கு.
ஹார்ப்சிகார்டுக்கு ஈரம் ஆகாது;
மழைக்கு ஒரு தரம், மழை விட்டதும் ஒரு தரம்
சுருதி கூட்டிக்கொண்டே இருக்கிறான் லிம் கா ஹாவ்.

நடுவில் சிலுவை இல்லை. மெழுகுவர்த்தி இல்லை.
நீல ரெக்சின் நாற்காலி, பக்கத்தில்
கழித்துப்போட்ட டயாலிசிஸ் இயந்திரம்.
சாய்ந்து, இடக்கை நீட்டி,
முந்நூறு வருஷத்து ஜெர்மன் கன்டாட்டாவை
அடிவயிற்றிலிருந்து எடுக்கிறார் அற்புதராஜ்:
ஆண்டவரே, நான் தயார்,
என் விளக்கை அணைத்தருளும்.

நான் மேலே, திரைக்கு எழுத்து விடுகிறவள்.
பொத்தானை அழுத்தினால்
மலாயில், சீனத்தில், தமிழில்
அவர் சாகத் தயாராவது தெரியும்.

சிக்கல் பாட்டின் கடைசிப் பகுதியில்.
தாளில் 'டா காபோ' என்று இரண்டு சொல்.
தலையிலிருந்து, மறுபடி.
"போகிறேன் என்று சொல்லிவிட்ட மனுஷன்
ஏன் திரும்பி வந்து அதையே சொல்கிறான்?"
இயக்குநர் யோ ஸ்வீ லான்
நாலு நாளாய்க் கேட்கிறாள்.
எழச் சொன்னாள். நடக்கச் சொன்னாள்.
ஒரு முறை பேய்போல வரச் சொன்னாள்.
வெட்டிவிடலாமா என்றாள்; ஓபோக்காரி
பேசாமல் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தாள்.

குழாயை எப்படி ஒட்டுவது என்று காட்ட
ஜெலுத்தோங் நிலையத்திலிருந்து வந்திருந்தார்
தாதி செங்கமலம்.
கோப்பிப் பையின் முடிச்சை அவிழ்க்காமலே
கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"செவ்வாய் வருவாங்க. நாலு மணி நேரம்.
போதும் மிஸ்ஸி, இனி முடியாதும்பாங்க.
வியாழக்கிழமை பாத்தா
அதே நாற்காலி, அதே கை.
சனிக்கிழமையும்.
பேயெல்லாம் இல்ல. பஸ்ல வருவாங்க."

கா ஹாவ் ஒரே ஒரு தந்தியைத்
தொட்டுப் பார்த்தான்.

அரங்கேற்றத்தன்று
இரண்டாம் தரத்துக்கு அவர் எதுவும் செய்யவில்லை.
சட்டைக்கையை மடித்தார். உட்கார்ந்தார்.
அதே வரி, கொஞ்சம் சின்னக் குரலில்.

பாடிய சொல்லே திரும்ப வந்தால்
திரையை வெறுமையாய் விடுவது தொழில் வழக்கம்.
வெறுமையாய்த்தான் விட்டிருந்தேன்.
பிறகு விளக்கைத் தள்ளிவிட்டு,
மலாயும் சீனமும் இல்லாமல்,
ஒற்றைச் சொல்லை ஏற்றினேன்:
அணைத்தருளும்.
அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு கை.

மூன்றாம் வரிசையில் ஒருவர்
வெள்ளை ஒட்டுப் போட்ட முழங்கையைத்
துண்டால் மூடிக்கொண்டார்.
பாட்டுக்கா, மின்விசிறிக் காற்றுக்கா,
எனக்குத் தெரியாது.

பூங்கொத்து, படம் எடுத்தல்
எல்லாம் பத்து மணிக்குள்.
இயந்திரம் செத்தது; நாற்காலி அப்படியில்லை.
காலை ஆறு மணி ஷிப்டுக்கு
அது போய்ச் சேர வேண்டும்.
லாரியில் ஏற்றியபோது
அற்புதராஜின் வியர்வை ரெக்சினில் காயவில்லை.
செங்கமலம் ஸ்பிரிட் பஞ்சால்
கைப்பிடியைத் துடைத்தார்.
திரும்பவும் ஒரு தரம் துடைத்தார்.
"நாளைக்கு வியாழன்" என்றார்.