மனசில் ஒன்று

மார்ச்சில் வந்த அஞ்சலட்டை ஹகோடாத்தேயிலிருந்து.
ஓரத்தில் பனி நனைத்த கறை.
அனுப்பியது தொகியா, குசகரி குடும்பம்.
எங்கள் காலாண்டிதழின் முகமூடிக் கணக்குப் பக்கத்துக்கு:
எழுத்தெல்லாம் முகமூடி, கழற்றினால் இலக்கம்.
இரண்டு எழுத்துக்கு ஒரே முகம் ஆகாது.

ஹஹ, அம்மா.
அதன் கீழே சிசி, அப்பா.
ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கொடொமொ, பிள்ளை.

சரிபார்ப்பது என் வேலை.
மாட்சுமோட்டோவில், அச்சகத்துக்கு மேல்மாடியில்
ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு
பென்சிலைச் சீவினேன்.

கொ ஒன்றுதான், அதில் பேச்சே இல்லை.
இரண்டிலக்கமும் இரண்டிலக்கமும் கூடி
நூறைத் தாண்டினால்
முன்னால் வந்து நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?
பெற்றவர் இருவருக்கும் ஒன்பது கிடையாது.
அம்மா ஒன்பதானால்
பிள்ளையின் நடுவெழுத்தில்
அப்பா வந்து உட்கார்ந்துவிடுகிறார்.
அப்பா ஒன்பதானால் அம்மா.
விதி ஒப்பாது.

எட்டும் நாலும். ஏழும் ஐந்தும். எட்டும் ஐந்தும்.
மடியெல்லாம் ரப்பர் துகள்.
ஆறு ஜோடி தேறியது,
மேல்கீழ் மாற்றினால் பன்னிரண்டு.

நல்ல புதிருக்கு விடை ஒன்றே.
ஆசிரியர் உகாவா தலைநிமிராமல் சொன்னார்:
"வழக்கமான சீட்டை அனுப்பிவிடு."
விடை பல, வருந்துகிறோம்
என்று முன்பே அச்சடித்து வைத்திருக்கும் சீட்டு.
அனுப்பினேன்.

ஆகஸ்டில் இன்னோர் அட்டை. நீகாதா.
வேறு தெரு. குடும்பப் பெயர் ஹொஷினா.
தொகியா மட்டும் தொகியாதான்,
மொவின் வாலைக் கட்டத்துக்கு வெளியே இழுக்கும்
அதே கை.
அதே கணக்கு.
இம்முறை சிசி மேலே, ஹஹ கீழே.
மூலையில் பொடியெழுத்தில் ஒரு கேள்வி:
இப்படி வைத்தாலும் பலவா?

ஆமாம், இப்படி வைத்தாலும்.
மேலே யார், கீழே யார் என்று
கூட்டல் கேட்பதில்லை.

சீட்டைத் திருப்பிப் போட்டு
வெற்றுப் பக்கத்தில் பன்னிரண்டையும் எழுதினேன்.
நூற்று முப்பத்திரண்டு நான்கு முறை,
நூற்று நாற்பத்து மூன்றும் நான்கு,
மற்ற இரண்டும் இரண்டிரண்டு.
எட்டும் நாலும் பன்னிரண்டு,
இரண்டைப் போடு, மனசில் ஒன்று.
வாய்விட்டுச் சொல்லியபடிதான் எழுதினேன்.
உகாவா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

முகவரியில் பேனா நின்றது.
செப்டம்பர் பிறந்துவிட்டது,
பள்ளி திறந்திருக்கும்.
எந்த ஊரில்?

இரண்டு உறை எடுத்தேன்.
தபால்தலைக் கணக்கை
உகாவா கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.