அசல் கழியாது

ஏப்ரல் பதினேழு, இரவு பத்தே முக்கால்.
நாளை கடைசி நாள்.
கட்டைவிரலை வைத்ததும் சிங்பாஸ்
நான் நான்தான் என்று ஒத்துக்கொண்டது.
இந்த வருஷம் அப்படிச் சொன்ன முதல் ஆள்.

முதலில் வாடகை.
ஆல்ஜுனிட், ஒரே படுக்கையறை, பன்னிரண்டாம் மாடி.
போன ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை
தீரி என்ற பர்மியப் பெண் குடியிருந்தாள்.
ஒன்றாம் தேதி காலை ஏழுக்குள்
பணம் வந்து விழுந்துவிடும்.
மாதங்கள் எட்டு. பெருக்கி எழுதினேன்.

செலவு என்ற கட்டத்தில் பதினைந்து விழுக்காடு
தானாகவே கழிந்திருந்தது. ரசீது வேண்டாமாம்.
எதற்கு, எங்கே, யாரோடு என்ற கேள்வி இல்லை.
செலவாகியிருக்கும், எங்களுக்குத் தெரியும்
என்கிற ஒரு பெருந்தன்மை.
அரசாங்கத்திடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கடன் வட்டியைத் தனியே கழிக்கலாம்.
அசலைக் கழிக்க முடியாது.
இந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்,
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு
மறுபடி ஒரு தடவை.

செப்டம்பரில் தீரி ஜூரோங் பக்கம் மாறிப்போனாள்.
சோறாக்கும் பானையை விட்டுச் சென்றாள்,
அடியில் பிடித்த பருக்கை ஒன்றோடு.
அக்டோபரில் அதே வாசலில்
நான் வந்து நின்றேன்:
சக்கரப்பெட்டி ஒன்று,
இஸ்திரிப்பெட்டி ஒன்று,
நெகிழிப்பையில் செருப்பு.
வாடகை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை: சைபர்.

இந்த வீட்டை வாங்கும்போது
சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தது கோமளா.
"உள்ளே வெத்தா இருக்கு" என்றாள்.
முகவர் சிரித்தார். நானும்.

சொத்துவரிக் கடிதம் டிசம்பரில் வந்தது
செம்பவாங் முகவரிக்கு.
இரண்டு வீட்டுக்கும் இரண்டு.
கோமளா படமெடுத்து அனுப்பினாள்,
கூட ஒரு வார்த்தை கிடையாது.
படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல்,
நகப்பூச்சு பாதி உரிந்து.

ஆண்டு மதிப்பு என்றால்
வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடியது.
பூட்டிக் கிடந்தாலும் அதே மதிப்பு.
இருவர் உட்கார்ந்து
பேசாமல் சாப்பிட்ட வீட்டுக்கும்
அதே மதிப்புதான், ஒரு வெள்ளி குறையாது.

உரிமையாளரே குடியிருந்தால் வரி குறைவு.
ஆனால் கணவன் மனைவி என்றால்
ஒரு வீட்டுக்கு மட்டும்.
எங்கள் சலுகை செம்பவாங்கில் இருக்கிறது.
ஆகவே ஆணையத்தின் ஏட்டில்
இங்கே இருப்பது நானில்லை. யாரோ.
யாரோ ஒருவர் இப்போது
தீரியின் பானையில் சோறு வைக்கிறார்.
அவருக்காக நான் கூடுதல் வரி கட்டுகிறேன்.

எழுதிக் கேட்கலாம்தான்.
காரணம் எழுத ஒரு கட்டம் திறந்தது.
"நாங்கள் இப்போது" என்று தொடங்கினேன்.
பன்மை சரியாகப் படவில்லை.
"நான் இப்போது" என்று மாற்றினேன்.
அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை.
துடிக்கும் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
எழுத்தெழுத்தாக அழித்தேன்.
அவளிடமே இருக்கட்டும் அந்தச் சலுகை.
வருஷத்துக்குச் சில நூறு வெள்ளி.
இதைவிட அதிகமாக நான்
வாதாடித் தோற்றிருக்கிறேன்.

பதினொன்று இருபதுக்கு
வருமானப் படிவத்தைச் சமர்ப்பித்தேன்.
பெற்றுக்கொண்டோம், கோவிந்தராஜு என்றது திரை.
ஒரு நீண்ட எண்ணும் தந்தது.

அஞ்சல் முகவரியை மாற்ற விரும்புகிறீர்களா?

கீழே லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டு
பீப் பீப் என்றது.
இல்லை என்று அழுத்தினேன்.

டிசம்பரில் கடிதம் அங்கேயே போகட்டும்.
அவள் பிரிப்பாள்,
மேசைமேல் நீவி வைப்பாள்,
ஓரம் மடங்காமல் இருக்க
விரலால் பிடித்துக்கொள்வாள்.