முப்பது மில்லி

இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் மூடிதான்
இப்போதைக்கு என் சாப்பாட்டுப் பாத்திரம்.
கால் மணிக்கு ஒரு மூடி
வடிகட்டிய பருப்புத் தண்ணீர்.
அதையும் ஒரே மடக்கில் விடக்கூடாது.
"குருவி குடிக்கிற மாதிரிக் குடிக்கணும், என்ன?"
என்று சொல்லி அனுப்பினாள்
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வபாக்கியம்.
நூற்றுப் பதினாறு கிலோக் குருவி
ஆட்டோவில் ஏறிப்
பாளையங்கோட்டையில் வந்து இறங்கியது.

ஐந்து ஓட்டையும் வயிற்றில்.
வலியோ இடது தோளில்.
உள்ளே ஊதிய வாயு வெளியேறத் தெரியாமல்
அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதாம்,
நடந்தால் போய்விடுமாம்.
ஹாலிலிருந்து அடுக்களைக்குப் பதினேழு எட்டு.
அடுக்களை வந்ததும் திரும்பிவிட வேண்டும்.
அந்தத் திரும்புதல்தான்.

வங்கியில் பித்தப்பைக் கல் என்று சொல்லியிருக்கிறேன்.
சாத்துக்குடியோடு பார்க்க வந்த மேனேஜர்
கல்லை வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.
டாக்டரே வைத்துக்கொண்டார் என்றேன்.

அல்வாவைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது
என்று டயட்டீஷியன் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.
மதுரைக்காரி. அவளுக்கு என்ன தெரியும்.
அல்வா எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.
எல்லாரும் படுத்த பிறகு
குக்கர் அடியில் ஒட்டின சோற்றைச் சுரண்டி
மிஞ்சின குழம்பை ஊற்றி
லைட்டைப் போடாமல், நின்றுகொண்டே...
அதற்கு அவள் பட்டியலில் பெயர் இல்லை.

வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள்.
கையில் ஒன்றையும் எடுக்கவில்லை.
கை பழையபடி மூன்று உழக்கு அரிசி அளக்கிறது.
ராத்திரி பத்தரைக்கு எழுந்துபோய்
பிரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் நிற்கிறது.
பசிக்கிறதா என்று கேட்டால்
வயிறு கம்மென்று கிடக்கிறது.
கைக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.
மிஞ்சுவதையெல்லாம் பிரமநாயகம் சாப்பிடுகிறார்.
அவர் பேண்ட் கொக்கி போன வாரம் தெறித்தது.

இருபத்து நான்காம் நாள்
நாத்தனார் மகளுக்கு மறுவீட்டுச் சாப்பாடு.
சொதியும் இஞ்சிப் பச்சடியும்.
குழையக் கொஞ்சம் சோறு, மசித்த உருளைக்கிழங்கு,
தேங்காய்ப்பாலில் நனைத்து ஒரு வாய்.
இன்னொரு வாய்.
மூன்றாவதில்
நெஞ்சுக்குக் கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள்.
வாயெல்லாம் எச்சில், முதுகெல்லாம் வேர்வை.
மண்டபத்துப் பின்பக்கம்
காலி சிலிண்டர்களுக்கும் வாழைமட்டைக் குவியலுக்கும் நடுவே
பட்டுச் சேலையோடு குத்தவைத்திருந்தேன்.
திரும்பி வந்தால் இலை அப்படியே இருக்கிறது.
"என்ன மதினி, சொதி சரியில்லையா?"
வாளியோடு குற்றாலிங்கம்.
நல்லா இருக்கு என்றேன். நல்லாத்தான் இருந்தது.
நல்ல காரியம் என்பதால்
இலையை என் பக்கமாகவே மடித்தேன்.
மடிக்க முடியாத அளவுக்கு மேடாக இருந்தது.

இன்று ஆறாம் வாரம், கால் இட்லி.
மேசைமேல் போன், அதில் இருபது நிமிஷம்.
மெல்லு, மெல்லு, தண்ணீர் குடிக்காதே.
நேற்று வைத்த குழம்பில் ஒரு ஓரம் தொட்டு
நாக்கில் வைத்து, சும்மா இருந்தேன்.
உப்பு.
ஒரு கல் இல்லை, ஒரு பிடி கூட.
நேற்றைய குழம்பு மட்டும் இல்லை,
இதுதான் என் கைப்பக்குவம்.
"இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"
அவர் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"நான் வாயத் தொறக்கதுக்குள்ள
நீ தட்டக் கழுவிருவேல்லா."

போன் அடித்தது.
இட்லியில் இன்னும் ஒரு விள்ளல் இருந்தது.
அதை அப்படியே விட்டு எழுந்தேன்.
அரை இட்லிக்கு
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.