பதினைந்து சென்ரிமீற்றர்

கொக்காவில் மண், ஏழு பை.
முதிரைக்கு அடியில் தோண்டி
கிளிநொச்சிக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
புனலில் கொட்டி, மேலே நாற்பது வாற் பல்ப்,
கீழே மதுசாரப் போத்தல்.
வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஒதுங்கி
இறங்கி இறங்கி
கடைசியில் விழும்.

புத்தகத்தில் அதன் பெயர் கொலெம்போலா.
நான் கொப்பியில் தெறிவாலி என்று எழுதிவைத்திருக்கிறேன்.
மேடம் அதை வெட்டவில்லை.

முதல் கேள்வி: உருண்டையா, நீட்டா?
உருண்டை என்றால் பக்கம் பன்னிரண்டு.
கடுகில் கால்வாசி, அதற்குள்
கோபித்துக்கொண்ட பிள்ளையின் வீங்கிய முகம்.
நீட்டு என்றால் செதிலா, மயிரா.
இங்கேதான் நான் பிழை விடுவது.
மதுசாரத்தில் செதில் உதிர்ந்துவிடும்.
உதிர்ந்த இடத்துத் தழும்பைப் பார்த்துத்தான்
இருந்தது என்று எழுத வேண்டும்.

உணர்கொம்பில் நாலு கணு.
மூன்றென்றால் ஒன்று எங்கோ முறிந்திருக்கிறது.
கண், ஒரு பக்கம் எட்டு; அதற்கு மேல் கிடையாது.
வயிற்றின் கீழே மடித்துக் கொளுவிய கவை,
கெற்றப்போல் தடி மாதிரி.
கொளுக்கி விட்டால் ஆள் இல்லை.
எங்கே போய் விழும் என்று அதற்கும் தெரியாது.

இன்று பின்னேரம் ஆறாம் பையில்,
பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணில்,
வெள்ளையாய் ஒன்று.
கண் தேடினேன். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இல்லை.
ஊசியால் புரட்டினேன். கவையும் இல்லை.
முறிந்த அடையாளமும் இல்லை.
பிறக்கும்போதே இல்லை.

"அடியில சீவிக்கிறதுக்கு அது எதுக்கு"
என்றாள் பக்கத்து மேசையில் சுகந்தமலர், தலை நிமிராமல்.
"துள்ளினா முகட்டில இடிக்கும்."

இடிக்கும்.
பனங்குற்றி முகடு. நாங்கள் ஒன்பது பேர்.
தம்பி எழும்பும்போதெல்லாம்
அவன் உச்சியை அமத்திய கை
இப்போது நுணுக்குக்காட்டியின் திருகில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் எந்த ஊர்ப் பங்கர் என்று சொல்லவில்லை.

வயிற்றுக் குழாய் மட்டும் இருந்தது,
குட்டையாய், ஈரத்தை உறிஞ்சுகிற அது.
அது இருந்தால் போதும்,
இந்தக் கூட்டந்தான் என்கிறது புத்தகம்.

சிட்டையில் எழுதினேன்:
கண் 0. கவை 0. எண்ணிக்கை 1.

ஏழாம் பை பாதி இறங்கியிருந்தபோது
கரண்ட் போனது.
பல்ப் சிவந்து, கறுத்து, ஆறத் தொடங்கியது.
சுகந்தமலர் போனை எடுத்து
புனலுக்கு மேலே வெளிச்சம் பிடிக்கப் போனாள்.

கொஞ்சம் பொறு என்றேன்.