மூன்றாம் சரணம்

இருபத்திரண்டு வருடம் அவளுக்கு இடப்பக்கம் நின்றேன்,
பேஸ் கிதாரோடு.
அவளுக்கு இடது காது கேட்காது.
நான் பிசகினால் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன்.
மேடைப் பலகை வழியே
குதிகாலால் கேட்டுக்கொள்கிறவள் அவள்.

அர்லீதா பிக்கெட்.
மிசிசிப்பியில், பெல்சோனி ஊரில், கெளுத்தி மீன் ஆலை.
தோலுரிக்கும் எந்திரம் தின்ற காது அது.
சனி இரவு பாட வரும்போது
கை இரண்டும் எலுமிச்சை தேய்த்துச் சிவந்திருக்கும்.
அப்படியும் மைக்கில் ஒரு குளத்து வாடை.
முன்வரிசையில் இருந்தவர்களும் அதே ஆலைக்காரர்கள்,
யாரும் மூக்கைச் சுளித்ததில்லை.

அதற்கெல்லாம் முன்னால், அறுபத்தொன்பதில்,
மெம்ஃபிஸில் ஒரே ஒரு இசைத்தட்டு:

    ஆறு என் வாசல்வரை வந்தது, உள்ளே வரவில்லை
    ஆறு என் வாசல்வரை வந்தது, உள்ளே வரவில்லை
    உள்ளே வந்தவன் காலைக்கூடத் துடைக்கவில்லை

ஒரே வரியை ஏன் இரண்டு தரம் பாடுகிறீர்கள் என்று
உட்ரெக்ட் நகரில் ஒரு டச்சுக்காரர் பணிவாகக் கேட்டார்.
"முதல் தரம் உங்களுக்கு.
இரண்டாம் தரம், அடுத்ததைச் சொல்லலாமா என்று
நான் யோசிப்பதற்கு."
அரங்கம் சிரித்தது.
அவள் கிதாரைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.
ஜூக்பாக்ஸின் பொறுமை அவ்வளவுதான் என்று
ஸ்டூடியோ முதலாளி மூன்றாம் சரணத்தை வெட்டினான்.
தட்டின் நடுவில், பாட்டின் பெயருக்குக் கீழே,
எழுதியவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.
பிறகு அது ஒரு லாரி விளம்பரத்தில் வந்தது.
அவன் மகன் வீட்டு நீச்சல்குளத்தில் கிடப்பது
எவ்வளவு அந்த ஆற்றுத் தண்ணீர் என்று
கணக்குப் போட்டவன் நான். அவளல்ல.
அவளுக்கு வந்தது பதினோரு டாலர் நாற்பது சென்ட் காசோலை.
டயருக்குக் காற்றடித்து, இரண்டு காப்பி வாங்கினோம்.
மீதியை எனக்குத்தான் கொடுத்தாள்.

மூன்றாம் சரணத்தை
காலி நாற்காலிகளுக்கு மட்டும் பாடுவாள்,
ஒலி சரிபார்க்கும் நேரத்தில், பாதிக் குரலில்.
கேட்டவன் நான் ஒருவன்தான்.
அதில் ஒரு கதவு இருக்கிறது.
தாழ் எந்தப் பக்கம் என்பதுதான் பாட்டே.
இதற்குமேல் சொல்வதாக இல்லை.

ஜாக்சனிலிருந்து ஓர் ஆய்வுக்காரப் பையன் வந்தான்,
ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து,
மூன்றாவது ஒன்று இருந்ததாமே அம்மா என்றான்.
"இரண்டுதான், மகனே. இவனைக் கேள்."
இரண்டுதான் என்றேன்.
வருகிற வழியில், காரில்,
இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான்
சரியான இடத்தில் சரியாக வாசித்தாய் என்றாள்.

போன பிப்ரவரி, கிரீன்வில்.
முப்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் கோட்டோடு.
அவள் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன,
கிதாரைப் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை.
இரண்டாம் சரணம் முடிந்தது.
வழக்கம்போல் இறங்கி முடிக்கப் போனேன்.
பலகையில் ஒரு குதிகால் தட்டு.
நிறுத்தாதே.

நிறுத்தவில்லை.
பன்னிரண்டு தாளக்கட்டு முழுக்க
அவள் வாயைத் திறக்கவில்லை.
கண் திறந்திருந்தது, கதவுப் பக்கம் பார்த்தது.
மறந்துவிட்டாள் பாவம் என்று
யாரோ உற்சாகப்படுத்தக் கை தட்டினார்கள்.
டிரம்காரப் பையன் என்னைப் பார்த்தான்.
நான் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே
ஒரு சுரம் வைத்துக்கொண்டே போனேன்,
ஒன்றுகூட விடாமல்.

அப்புறம் குனிந்து கோட்டை எடுத்துக்கொண்டாள்.
வண்டியில் ஏறியதும்
ஹீட்டரைப் போடு என்றாள்.